மூன்று ராட்சத நாய்கள், ஒரு மச்சான்: கிரேட் டேனா, செயின்ட் பெர்னார்டா, மாஸ்டிஃபா?

மச்சான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் போன் வந்தது. "மாப்ள, ஒரு நாய் வளர்க்கலாம்னு இருக்கேன். இந்தப் பொமரேனியன், பக் எல்லாம் வேண்டாம். வாசல்ல உட்கார்ந்தா தெருவே திரும்பிப் பார்க்கணும்." அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் மூன்று வீடியோக்கள். ஒன்றில் செயின்ட் பெர்னார்டு நாயின் வயிற்றில் தலை வைத்து ஒரு குழந்தை தூங்குகிறது. இன்னொன்றில் ஒரு கிரேட் டேன் சோபாவில் பின்பக்கத்தை மட்டும் வைத்து, முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதில் ஒரு பண்ணை வீட்டு கேட்டுக்குப் பின்னால் மாஸ்டிஃப். கீழே ஒரு வரி: "இதுல எது?"

என்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எட்டு வருடம் ஒரு கிரேட் டேன் இருந்தது. நாற்பத்தைந்து நாள் குட்டியாக வந்தபோது, நல்ல பெயர் கிடைக்கும்வரை 'குட்டி' என்று கூப்பிடுவோம் என்றோம். நல்ல பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவமனையில் "அடுத்து குட்டி, உள்ள வாங்க" என்று கூப்பிடும்போது, 58 கிலோவில் அவள் எழுந்து நிற்பதைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த 58 கிலோவையும் அங்கே போட்டுப் பார்க்க முடியாது. எங்கள் தெருக்கோடியில் கொப்பரை மூட்டை போடும் எடைமெஷினில்தான் போடுவோம்.

மச்சானுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே மூன்றுக்குள் குழம்பிக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் அவர் வீடு. பல்லடம் பக்கம். வெளியே பத்து சென்ட் காலி இடம், உள்ளே வழவழ டைல்ஸ், படுக்கையறை மாடியில். மச்சான், அக்கா, கைத்தடி ஊன்றி நடக்கும் அத்தை. சனி ஞாயிறு வந்தால் மூன்று வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள். நாய் எது என்று முடிவெடுப்பதற்கு இந்தக் கணக்குதான் முக்கியம், வீடியோ இல்லை.

"உருவம்தான் பெருசு சார், மனசு பச்சைக் குழந்தை." விற்பவர்கள் மூன்றுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். பொய்யும் இல்லை. எழுபது கிலோ நாய் சிடுசிடுவென்று இருந்தால் எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? அப்படிப்பட்டவற்றைக் கழித்துக் கழித்து வந்த இனங்கள் இவை. ஆனால் சாதுவிலும் ரகம் இருக்கிறது. எந்த ரகச் சாதுத்தனம் உங்கள் வீட்டுக்கு ஆகும் என்பதுதான் கேள்வி.

கிரேட் டேன்

பெயரில் டென்மார்க் இருந்தாலும் இது ஜெர்மனியின் நாய். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோன் இதைப் 'பெரிய டேனிஷ் நாய்' என்று எழுதிவைக்க, ஆங்கிலத்தில் அதுவே ஒட்டிக்கொண்டது. பிரபுக்களின் காட்டுப்பன்றி வேட்டையில், பன்றியைக் கவ்விப் பிடித்து வேட்டைக்காரர் வரும்வரை நிறுத்தி வைப்பது இதன் முன்னோர்களின் வேலை. இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தை 1880இல் பெர்லினில் எழுதினார்கள். இன்றைய ஐரோப்பிய இலக்கணப்படி ஆண் நாய் தோளளவில் 80 சென்டிமீட்டருக்கும் பெண் 72க்கும் குறையக்கூடாது. எடை பெண் நாய்க்கு 50 கிலோவில் தொடங்கும், ஆண் 80 வரை போகும்.

பன்றி வேட்டையெல்லாம் எப்போதோ போயிற்று. இப்போது அந்த உடம்புக்குள் மிச்சம் இருப்பது ஆள் தேடும் குணம். இதற்கு நல்ல சாட்சி தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ் டவுன் துறைமுகத்தில் இருந்த ஒரு கிரேட் டேன். கடற்படை மாலுமிகள் எங்கே போனாலும் கூடவே போகும், அவர்களோடு ரயிலிலும் ஏறிவிடும். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறது என்று ரயில்வேக்காரர்கள் புகார் மேல் புகார். கடைசியில் 1939இல் பிரிட்டிஷ் கடற்படை அதை முறைப்படி மாலுமியாகவே சேர்த்துக்கொண்டது. பதிவேட்டில் பெயர் 'ஜஸ்ட் நியூசன்ஸ்', அதாவது வெறும் தொல்லை. 1944இல் அது இறந்தபோது வயது ஏழு. சைமன்ஸ் டவுனில் சிலையே இருக்கிறது.

குட்டியும் அந்த ஜாதிதான். அம்மா சமையலறையில் நின்று மாவு பிசைந்துகொண்டிருப்பார். இவள் சத்தமில்லாமல் வந்து பக்கவாட்டில் நின்று, முழு உடம்பையும் அம்மாவின் இடுப்பில் சாய்ப்பாள். உரசுவது இல்லை, சாய்வது. லாரி டயரைச் சுவரில் சாத்தி வைத்த மாதிரி. அம்மா ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, "தள்ளிப் போடி, மாவெல்லாம் முடி" என்பார். போக மாட்டாள். அம்மா நகர்ந்தால் பிடிமானம் போய் ஒரு தடுமாற்றம் தடுமாறி, இரண்டடி தள்ளி மறுபடி வந்து சாய்வாள். கிரேட் டேன் வளர்த்தவர்கள் எல்லோரும் இந்தச் சாய்வைப் பற்றிச் சொல்வார்கள். அதன் பாஷையில் பாசம் என்றால் அதுதான்.

அழகுதான். ஆனால் கைத்தடி ஊன்றும் அத்தை மேல் அதே பாசத்தைக் காட்டினால்? இடுப்பு எலும்புதான் போகும். மச்சான் வீட்டுக்கு கிரேட் டேன் பற்றி எனக்கிருக்கும் முதல் கவலை இதுதான். கடிக்குமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

திட்டு தாங்காது. ஒரு தடவை செருப்பைக் கடித்ததற்கு அப்பா குரலை உயர்த்திவிட்டார். குட்டி அன்று முழுக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்தாள். இப்படிப்பட்ட நாயை அடித்துப் பழக்கினால் பணிவு வராது, பயம்தான் வரும். பயந்த கிரேட் டேன் உண்மையிலேயே ஆபத்தானது. சங்கிலியில் கட்டி வாசலில் தனியாகப் போட்டாலும் அதே கதை. ஆள் வேண்டும் என்கிற நாயை ஆளிடமிருந்து பிரித்தால் அது குரைக்கும், குழி தோண்டும், அப்புறம் யாரைப் பார்த்தாலும் பதறும். "பண்ணைக்குக் காவல்" என்று வாங்கிப்போய் ஓரத்தில் கட்டிவிட்டு, ஒரு வருடத்தில் "வெறி பிடிச்ச நாய்" என்று பெயர் வைத்த கதைகள் எங்கள் பக்கத்திலேயே இரண்டு மூன்று உண்டு.

காவல் விஷயத்தில் ஒன்று சொல்லலாம். குரல் அடிவயிற்றிலிருந்து வரும். கேட்டைத் தொட்டவர் கையை எடுத்துவிடுவார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்தால் அவர் மேலும் சாயும். பெரும்பாலான வீடுகளுக்கு அந்தக் காவல் போதும்.

இரண்டு வயதுவரை உடம்பு மட்டும்தான் பெரிய நாய், புத்தி குட்டி நாய். அந்தக் காலகட்டத்தில் மூன்று வயதுப் பேரன் அதன் வழியில் நின்றால் உருண்டு போவான். வேண்டுமென்று தள்ளாது, தன் பின்பக்கம் எங்கே முடிகிறது என்றே அதற்குத் தெரியாது. வால் இன்னொரு ஆயுதம். சந்தோஷத்தில் ஆட்டி ஆட்டிச் சுவர் முனையில் அடித்து, நுனி பிளந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு முறை அப்படி ஆகி, ஹால் சுவர் முழுக்க ரத்தப் புள்ளிகள், ஃபேன் இறக்கையில்கூட. ஆறும், மறுநாள் யாராவது வருவார்கள், மறுபடி ஆட்டுவாள், மறுபடி பிளக்கும். கட்டுப் போட்ட வாலோடு இரண்டு மாதம்.

செயின்ட் பெர்னார்டு

மச்சான் மனம் இதில்தான் இருந்தது. அந்தத் தூங்கும் குழந்தை வீடியோ செய்த வேலை.

வீடியோ பொய் சொல்லவில்லை. குழந்தைகளிடம் பொறுமை என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதல். கிரேட் டேன் உங்களைத் தேடி வரும். செயின்ட் பெர்னார்டு இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் போய் அதன் மேல் விழலாம். ஒரு மே மாதம் ஊட்டி நாய்க் கண்காட்சியில் ஒன்றைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று காதைத் தூக்கிப் பார்க்கிறார்கள், மூக்கில் விரல் வைக்கிறார்கள். அது ஒரு தடவை பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். அதன் சொந்தக்காரர் கையில் ஒரு துண்டு வைத்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம், காரில் வைப்பர் ஓடுவது மாதிரி, அதன் வாயோர ஜொள்ளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்காத நேரத்தில் அது தலையைச் சிலுப்பினால் பக்கத்தில் நிற்பவர் சட்டைக்கு அபிஷேகம்தான்.

இந்த நாயின் பிறந்த ஊரை நினைத்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,470 மீட்டர் உயரக் கணவாய். அங்கே துறவிகள் நடத்திய சத்திரத்தில் பனியில் வழி தவறியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வளர்த்த நாய் இது. அவற்றில் புகழ்பெற்றது பாரி. 1800லிருந்து 1814 வரை வாழ்ந்தது, 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். பாடம் செய்த அதன் உடல் இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படங்களில் இந்த நாயின் கழுத்தில் தொங்குமே ஒரு குட்டி பிராந்திப் பீப்பாய், அது கற்பனை. லாண்ட்சியர் என்ற ஆங்கில ஓவியர் 1820இல் வரைந்த படத்திலிருந்து பரவியது.

பாரியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு. அதன் எடை 40 முதல் 45 கிலோதான் இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். இன்றைய ஆண் செயின்ட் பெர்னார்டு 65இலிருந்து 80 கிலோ. அதாவது, பனியில் ஆளைக் காப்பாற்றிய நாய் ராட்சத நாயே இல்லை. பின்னால் நியூஃபவுண்ட்லேண்டு நாயோடு கலந்து வந்த நீள முடியில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு, மலை வேலைக்கே உதவாமல் போயிற்று. இப்போது நாம் பார்க்கும் பிரம்மாண்டம் கண்காட்சி மேடைக்காக வளர்த்தெடுத்தது. ராட்சத இனம் எதை வாங்கினாலும் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும்: அந்த அளவு நாய்க்குத் தேவைப்பட்டதா, பார்க்கிறவர்களுக்கா?

சரி, பல்லடத்துக்கு வருவோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உடம்பு பெருக்கப் பெருக்க, உள்ளே உண்டாகும் சூட்டோடு ஒப்பிட்டால் அதை வெளியே விடும் பரப்பு குறைவு. அதற்கு மேல் இரண்டு அடுக்கு ரோமம். சித்திரை வெயிலில் அந்த நாய்க்கு நாள் முழுக்க ஏசி வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்குமா? "மொட்டை அடிச்சு விட்டுடலாம் மாப்ள" என்றார் மச்சான். அந்த ரோமம் வெயில் தோலில் நேரே படாமல் தடுக்கும் கூரையும்கூட. அதை மழித்துவிட்டால் தோல் வெந்துபோகும், உள்ளே இருக்கும் எழுபது கிலோ உடம்பின் சூடு அப்படியேதான் இருக்கும்.

ஏசி அறைக்குள்ளேயே வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரு நடை, மீதி நேரம் உள்ளே. முடியாதது இல்லை. ஆனால் மச்சான் கேட்டது வாசலில் உட்காரும் நாய். செயின்ட் பெர்னார்டு பல்லடம் வாசலில் பத்தரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. குன்னூரிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்து கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சமவெளியில் இதை வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இதில் இரண்டு பக்கமும் பேச எனக்கு விருப்பம் இல்லை.

மாஸ்டிஃப்

இங்கே முதல் சிக்கல் பெயரே. ஆங்கில மாஸ்டிஃப் ஒன்று, பிரெஞ்சு மாஸ்டிஃப் வேறு, நியபாலிடன் வேறு, திபெத்திய மாஸ்டிஃப் முற்றிலும் வேறு வழி வந்த மலை நாய். கேன் கோர்சோ, புல்லி குட்டா எல்லாவற்றையும் 'மாஸ்டிஃப் ஜாதி' என்று சொல்லி விற்கிறார்கள். குணத்தில் இவற்றுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மச்சான் அனுப்பிய வீடியோவில் இருந்தது எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. தாய் தகப்பன் நாய்களை நேரில் பார்க்காமல் இந்தப் பெயரில் எதையும் வாங்கக் கூடாது.

சட்டப் பக்கமும் ஒரு கண் வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிமம் தரக்கூடாது என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. கேன் கோர்சோ, போயர்போயல், காங்கல், காக்கேசியன் ஷெப்பர்டு எல்லாம் அதில் இருந்தன. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது அல்லவா? வாங்கும் முன் உள்ளூர் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுக்கொள்வது நல்லது.

அசல் ஆங்கில மாஸ்டிஃபை மட்டும் எடுத்துக்கொண்டால், எடையில் நாய் உலகின் தலைவர் அது. ஆண் 70 கிலோவில் தொடங்கி 100ஐத் தொடும். 1989இல் சோர்பா என்ற மாஸ்டிஃப் 155 கிலோவுக்கு மேல் இருந்து கின்னஸில் இடம் பிடித்தது. இதன் குணத்தை ஊர்ப் பெரிய மனிதரின் குணம் என்பேன். அதிகம் பேசாது. வந்தவரை நோட்டம் விடும். பிடிக்கவில்லையென்றால் பாய்ந்து கடிப்பதைவிட நடுவில் வந்து நின்று வழியை மறிப்பதே இதன் பழக்கம். வீட்டில் கணவன் மனைவி சத்தமாகச் சண்டை போட்டால் இடையில் வந்து நின்றுகொள்ளும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். (அக்கா வீட்டுக்கு இது ஒன்றுக்காகவே வாங்கலாம் என்று சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.)

குறை என்றால் பிடிவாதம். "வா" என்றால் வரலாமா என்று யோசித்துவிட்டுத்தான் வரும். வயதானவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அது ஒரு பக்கம் போக முடிவெடுத்தால் அன்றைய நடை அந்தப் பக்கம்தான். செயின்ட் பெர்னார்டு அளவுக்கு இல்லாவிட்டாலும் வெயில் இதற்கும் ஆகாது. மூக்கு குட்டை, உடம்பு கனம். ஜொள்ளு உண்டு. குறட்டையோ, மாடியில் படுத்தால் கீழே கேட்கும்.

முதல் முறை நாய் வளர்ப்பவருக்கு மாஸ்டிஃப் வேண்டாம். மச்சான் முதல் முறைதான்.

ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டு, நியூஃபவுண்ட்லேண்டு என்று இன்னும் சில பெயர்களும் அவர் பட்டியலில் இருந்தன. முன்னதற்கு உயரம் உண்டு, மனம் மிக மென்மை, ஆயுள் ஆறிலிருந்து எட்டு வருடம். பின்னது விரல்களுக்கு நடுவே சவ்வு உள்ள, கடலில் விழுந்தவரை இழுத்து வரும் குளிர்க்கடல் நாய். அதைப் பல்லடத்துக்குக் கூட்டி வருவது பாவம்.

உடம்பு சொல்லும் கணக்கு

குணத்தை வைத்துத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று நினைப்போம். வாங்கிய பிறகு நம்மை ஆட்டி வைப்பது அதன் உடம்புதான்.

ஒரு ராத்திரி சொல்கிறேன். குட்டிக்கு அப்போது ஆறு வயது. சாப்பிட்டு முடித்த கையோடு விருந்தாளிகள் வர, வாசலுக்கும் ஹாலுக்கும் குதித்து ஓடினாள். பத்து மணிக்கு ஒரு மாதிரி ஆனாள். படுக்கிறாள், எழுகிறாள், மறுபடி படுக்கிறாள். வாந்தி எடுக்கப் பார்க்கிறாள், வெள்ளை நுரைதான் வருகிறது. விலா எலும்புக்குப் பின்னால் விரலால் சுண்டிப் பார்த்தேன். மத்தளம் மாதிரி சத்தம். முதலில் போன இடத்தில் கேஸ் என்று ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். காரில் ஏற்றும்போதே ஈறு வெளுத்திருந்தது. இரண்டாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்து உடனே மேசையில் படுக்கவைத்தார்கள். இரவு ஒன்றரை மணிக்கு அறுவை சிகிச்சை. பிழைத்தாள்.

வயிறு காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவதுதான் இந்த நோய். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு, அதில் முதல் வரிசை கிரேட் டேனுக்கு. ஸ்டூல் மேல் தட்டை வைத்துச் சாப்பிடவைத்தால் வராது என்று நெடுநாள் நம்பினார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் அப்படிச் சாப்பிட்ட நாய்களுக்குத்தான் அதிகம் வந்திருந்தது. உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் வைப்பது நம் கையில் இருக்கிறது. அதைவிட நல்ல வழி, கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவது. உப்பினாலும் முறுக்காது. குட்டிக்கு முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம் கால்சியம். நம் ஊரில் பெரிய நாய்க் குட்டி வாங்கினால் முதல் வேலையாகக் கால்சியம் சிரப் வாங்குவார்கள். எலும்பு பலமாகட்டும் என்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளையே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிட அந்த வயதுக் குட்டியின் குடலுக்குத் தெரியாது, கொடுத்ததை உறிஞ்சிக்கொண்டே போகும். எலும்பு கோணலாகத்தான் வளரும். பிறக்கும்போது ஒரு கிலோகூட இல்லாதது ஒரு வயதில் 45, 50 கிலோ ஆகிறது. அந்த வேகத்தைக் கூட்டக் கூடாது, கொஞ்சம் குறைத்தாலும் நல்லது. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் உணவு போதும், மேற்கொண்டு சிரப் வேண்டாம்.

செலவை விரல்விட்டுச் சொல்லிவிடலாம். வளர்ந்த கிரேட் டேனுக்கு உலர் உணவு என்றால் ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்கு மேல் ஆகும். பூச்சி மருந்து, மயக்க மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாமே எடைக்குத் தக்கபடி. பத்து கிலோ நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் உங்களுக்கு ஆறு. குட்டியின் விலை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆயுள்தான் கடைசிக் கணக்கு. கிரேட் டேன் ஏழிலிருந்து பத்து வருடம், செயின்ட் பெர்னார்டு எட்டிலிருந்து பத்து, மாஸ்டிஃபும் ஏறக்குறைய அதே. 74 இனங்களை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறது என்றது. பெரிய நாய் சீக்கிரமே முதுமை அடைகிறது. குட்டிக்கு எட்டாவது வயதில் இதயம் பெருத்துவிட்டது. கடைசி இரண்டு மாதம் படி ஏற முடியாது. பழைய போர்வையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, அப்பா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து, ஒன்றுக்குப் போக வெளியே தூக்கிப் போவோம். அப்பாவுக்கு அப்போது அறுபத்தொன்று. மச்சானுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. நாய்க்கு எட்டு வயதாகும்போது அவருக்கு எத்தனை, போர்வையின் மறுமுனையைப் பிடிக்க யார் இருப்பார்கள்? இதைக் கேட்டதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப ராஜபாளையம்?" என்றார் பிறகு. நல்ல கேள்வி. ராட்சத வகை இல்லை, ஆனால் 70 சென்டிமீட்டர் உயரத்தில் வெள்ளைவெளேரென்று நின்றால் தெரு திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. வெயில் இதற்குச் சொந்த ஊர். ஆனால் குணம் வேறு. வீட்டில் ஒருவரையோ இருவரையோ தன் ஆள் என்று எடுத்துக்கொள்ளும், வெளி ஆளை எளிதில் ஏற்காது. வாரம் ஒரு முறை பேரப்பிள்ளைகளும் அவர்கள் நண்பர்களும் கூச்சலோடு வந்து இறங்கும் வீட்டில் கவனமாகவே பழக்க வேண்டும். ஓட இடமும் வேண்டும். அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வரும். வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். காவல்தான் முதல் தேவை என்றால் நான் இதைச் சொல்வேன். மச்சானுக்கு வேண்டியது காவல் இல்லை, கூட இருக்க ஒரு பெரிய ஜீவன். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் போனவருக்குத் திடீரென்று பகல் முழுக்கக் காலி. வாயால் அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

அதனால் என் வாக்கு கிரேட் டேனுக்கு. அதிலும் பெண் நாய்க்கு, பத்துப் பதினைந்து கிலோ குறைவு என்பதற்காகவே. குட்டியாக வேண்டாம், மூன்று வயது தாண்டியதாக. வாங்கிவிட்டுச் சமாளிக்க முடியாமல் வேறு வீடு தேடும் கிரேட் டேன்கள் எப்போதும் இருக்கும். குதியாட்டக் காலம் முடிந்திருக்கும், குணம் என்ன என்று நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறை போய், அத்தையையும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அழைத்து வரலாம். எட்டு வருடம் ஐந்து வருடமாகச் சுருங்கும். அது தெரிந்தே சொல்கிறேன். ஹாலில் வழுக்காத விரிப்பு, மாடிப்படிக்குக் கதவு, இரைப்பைத் தையல் போட்டாயிற்றா என்ற கேள்வி, இந்த மூன்றும் நாய் வருவதற்கு முன்னால் முடிய வேண்டும். அத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் நாய் நிற்காமல் படுக்கப் பழக்க வேண்டும். படுத்த நாய் சாயாது.

நேற்று மச்சான் மறுபடி கூப்பிட்டார். கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறதாம், நாலு வயதுப் பெண், சாம்பல் நிறம், இரண்டு தடவை போய்ப் பார்த்தாயிற்று. இரண்டாவது தடவை அது வந்து அவர் தொடையில் சாய்ந்ததாம். "மாப்ள, நான் கார் கதவைப் பிடிச்சுக்கிட்டேன், இல்லன்னா விழுந்திருப்பேன்" என்று சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பெருமை. மாடிப்படிக்குக் கதவு போட தச்சரிடம் சொல்லியாயிற்று. அக்காதான் இன்னும் சரி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிப் போகிறாராம்.